அரை மில்லிமீட்டர் கோடு

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. தாய்லாந்து–கம்போடியா எல்லைத் தகராறில் அன்று ஒரே நாளில் மூன்று காரியம் நடந்தது. கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் இரு நாட்டுக் கூட்டு எல்லை ஆணையம் இரண்டாவது நாளாக உட்கார்ந்து எல்லைக்கற்களைப் பற்றிப் பேசியது. நான்கு இடங்கள் யாருக்குச் சொந்தம் என்று தீர்த்துவைக்கச் சொல்லி ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கம்போடியா கடிதம் அனுப்பியது. தாய்லாந்துப் பிரதமர் பேடோங்டார்ன் ஷினவத்ரா, கம்போடிய செனட் தலைவர் ஹுன் சென்னோடு போனில் 17 நிமிடம் பேசினார்.

முதல் இரண்டும் செய்தித்தாளின் உள்பக்கத்தோடு போயின. மூன்றாவது ஓர் ஆட்சியையே கவிழ்த்தது.

அந்தப் போன் பேச்சைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பேடோங்டார்னுக்கு வயது 38. ஹுன் சென்னுக்கு 72. பேடோங்டார்னின் அப்பா, முன்னாள் பிரதமர் தக்சினும் ஹுன் சென்னும் பல வருடத்து நண்பர்கள். கூடப் பிறக்காத அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டவர்கள். அதனால் ஒரு நாட்டின் பிரதமர் பக்கத்து நாட்டின் மூத்த தலைவரிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும்போது, ‘அங்கிள்’ என்றே கூப்பிடுகிறார். அங்கிளுக்கு என்ன வேண்டுமோ சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். எல்லையில் நிற்கும் தன் சொந்த ராணுவத்தின் இரண்டாவது பிராந்தியத் தளபதி பூன்சின் பட்க்ளாங்கைப் பற்றி, அவர் நமக்கு எதிர்ப்பக்கத்து ஆள், கெத்துக் காட்டப் பார்க்கிறார் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிடுகிறார்.

ஹுன் சென் அதைப் பதிவு செய்தார். சுமார் 80 பேருக்கு அனுப்பியதாக அவரே சொன்னார். 80 பேருக்கு அனுப்பிய எதுவும் ரகசியமாக இருக்காது என்பது பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஜூன் 18 அன்று ஒரு பகுதி வெளியே வந்தது. பிறகு முழுப் பதினேழு நிமிடத்தையும் அவரே தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றினார். அன்றே பூம்ஜாய்தாய் கட்சி கூட்டணியை விட்டுக் கழன்றது. ஜூலை 1 அன்று தாய்லாந்து அரசியல் சாசன நீதிமன்றம் பேடோங்டார்னை 7–2 என்று இடைநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 29 அன்று 6–3 என்று பதவியிலிருந்தே இறக்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? எல்லைக்கற்களில் 45 கல் எங்கே இருக்கிறது என்பதை இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட விஷயத்தை. நூறு வருடத்துக்கும் மேல் பழைய தகராறில் இது லேசான சங்கதி இல்லை. ஆனால் கல்லைப் பற்றிப் பேசினால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

கல் எப்படி வந்தது?

இரண்டு நாட்டுக்கும் நடுவே தரைவழி எல்லை சுமார் 800 கிலோமீட்டர். 1904லும் 1907லும் சயாமும் (தாய்லாந்தின் பழைய பெயர்) பிரான்சும் போட்ட ஒப்பந்தங்கள்தான் இதற்கு அடிப்படை. கம்போடியா அப்போது பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. டாங்ரெக் மலைத்தொடரில் எல்லை நீர்பிரி முகடு வழியாகப் போகும் என்று 1904 ஒப்பந்தம் சொன்னது. அதாவது, மலைமேல் பெய்த மழை வடக்கே உருண்டால் அது சயாம், தெற்கே விழுந்தால் கம்போடியா. எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. மலைமேல் போய் நின்றால்தான் தொல்லை தெரியும். முகடு என்பது கத்தி முனை மாதிரி இருக்காது. பல இடங்களில் அது தட்டையான காடு. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை ஓடையின் தலைவரை நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மேற்கே, சிசாகெட் மாகாணத்துச் சோங் சா-ங்காம் கணவாயில் தொடங்கி கடற்கரையில் திராட் மாகாணத்து ஹாட் லெக் வரைக்கும் 1 முதல் 73 வரை எண் போட்டு எல்லைக்கல் நட்டார்கள். முதலில் நட்டது மரக்கட்டை. பத்து வருடம் கழித்துத்தான் கான்கிரீட். சோங் சா-ங்காமுக்குக் கிழக்கே சோங் போக் வரைக்கும் சுமார் 195 கிலோமீட்டருக்குக் கல்லே கிடையாது. முகடுதான் எல்லை என்று விட்டுவிட்டார்கள். பிரியா விஹார் கோயிலும், 2025 மே 28 அன்று சண்டை தொடங்கிய சோங் போக்கும் இந்தக் கல் இல்லாத துண்டில்தான் வருகின்றன. நம் ஊரில் வரப்பு அழிந்த வயலில்தானே பங்காளித் தகராறு வரும்.

கல் இல்லாத இடத்தில் வரைபடம் பேசும். பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்து பாரிஸில் அச்சான அந்த வரைபடங்களின் அளவு 1:200,000. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 200 மீட்டர். எல்லைக்கோட்டின் மை அரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் கூட அந்த மையே 100 மீட்டர் அகலம். தாய்லாந்து ராணுவம் 1:50,000 வரைபடத்தை வைத்திருக்கிறது. அதில் அதே தடிமன் 25 மீட்டர் ஆகும். தகராறில் இருக்கும் தா முயென் தோம் கோயில் நீளமும் அகலமும் சில பத்து மீட்டர்தான். பழைய வரைபடத்தின் மைத்தடத்துக்குள் கோயில் மொத்தமும் காணாமல் போய்விடும்.

மையைக் கூட விட்டுவிடலாம். பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போதுதான் உண்மையான தலைவலி. பொருத்துவதற்கு இரண்டிலும் பொதுவாகத் தெரியும் சில புள்ளிகள் வேண்டும்: ஒரு ஓடை வளைவு, ஒரு மலையுச்சி, இரண்டு ஆறு சேரும் இடம். 1907இல் ஓடையைத் தப்பான இடத்தில் வரைந்திருந்தால், அதைப் பிடித்து இழுக்கிற இழுப்பில் கோடும் நகரும். நீங்கள் மலையுச்சியைப் பிடித்தால் ஒரு விடை, நான் ஓடையைப் பிடித்தால் இன்னொரு விடை. இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர். இரண்டு பக்கத்து சர்வேயரும் நாணயமாக வேலை செய்தாலே இந்த நிலைமை. இதைச் சரிசெய்யும் வழி இரு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எந்தப் புள்ளியைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது மட்டும்தான்.

அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 2000 ஜூன் 14 அன்று போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம். அதன்படி 2003இல் வகுத்த ஐந்து கட்ட வேலை. பழைய கற்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு வான்வழிப் படத்தைக் கொண்டு திருத்திய வரைபடம் தயாரிக்க வேண்டும். அதன் மேல், சர்வே குழு நடக்கப்போகும் தடத்தை இரண்டு பேரும் சேர்ந்து வரைய வேண்டும். அப்புறம் காட்டுக்குள் நடந்து சரிபார்ப்பது. கடைசியில் கல் நடுவது. கால் நூற்றாண்டாகியும் முதல் கட்டமே முழுதாக முடியவில்லை. மரங்களுக்கு ஊடே தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் கருவியைப் பயன்படுத்தலாம் என்ற பேச்சே மிகப் பிந்தித்தான் வந்தது. அந்த 2000 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: அளவை முடியும்வரை எல்லைப்பகுதியின் நிலத்தோற்றத்தை யாரும் மாற்றக்கூடாது. பதுங்குகுழி வெட்டக்கூடாது, ரோடு போடக்கூடாது, கட்டடம் எழுப்பக்கூடாது. சோங் போக்கில் 2025 மே மாதம் தகராறு முற்றியது ஒரு பதுங்குகுழியால்தான். பத்து நிமிடத் துப்பாக்கிச்சூட்டில் ஒரு கம்போடிய வீரர் இறந்தார். பத்து நாள் கழித்து இரண்டு தரப்பும் பேசி, வெட்டிய குழியை மூடினார்கள். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

பதினைந்து பிரதி

பிரியா விஹார் ஒரு சிவன் கோயில். சிகரேசுவரர் என்று பெயர். டாங்ரெக் மலையின் விளிம்பில், சுமார் 525 மீட்டர் உயரத்தில், கம்போடியச் சமவெளியை எட்டிப்பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஏறுவதற்குச் சுலபமான படிக்கட்டு வடக்கே, தாய்லாந்துப் பக்கம் இருக்கிறது. கம்போடியப் பக்கம் செங்குத்துப் பாறை. நீர்பிரி முகட்டைக் கணக்காகப் பிடித்தால் கோயில் தங்கள் பக்கம் வரும் என்பது தாய்லாந்தின் வாதம். ஆனால் பிரெஞ்சு வரைபடத்தில் கோயில் கம்போடியாவுக்குள் இருந்தது.

1908இல் அந்த வரைபடங்கள் பாங்காக்குக்கு வந்தபோது சயாமின் உள்துறையைப் பார்த்துக்கொண்ட இளவரசர் தாம்ரோங் என்ன செய்தார்? நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் பதினைந்து பிரதி கேட்டார். 1930இல் அவரே கோயிலைப் பார்க்கப் போனபோது, பிரெஞ்சு அதிகாரி பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவைத்து வரவேற்றார், அவர் முணுமுணுக்கவில்லை. 1934–35இல் தாய்லாந்தே அளவை செய்து, வரைபடமும் முகடும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தது. அப்புறமும் அதே வரைபடத்தைத்தான் பயன்படுத்தியது. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் போனதும் தாய்லாந்து வீரர்கள் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். 1959இல் கம்போடியா வழக்குப் போட்டது. 1962 ஜூன் 15 அன்று நீதிமன்றம் 9–3 என்று கம்போடியாவுக்குக் கொடுத்தது. தீர்ப்பின் சாரம் நம்மூர் சிவில் கோர்ட்டில் கேட்கும் சாரம்தான்: அரை நூற்றாண்டு பேசாமல் இருந்துவிட்டு இப்போது வந்து கோடு தப்பு என்று சொல்ல முடியாது.

இங்கேதான் முதல் சிறுபிள்ளைத்தனம். தீர்ப்புப்படி கோயிலைவிட்டு வெளியேற வேண்டும். கொடியை இறக்கினால் தோற்றதாகிவிடுமே! அதனால் தாய்லாந்து வீரர்கள் கொடியை இறக்காமல், கொடி பறந்துகொண்டிருக்கும் நிலையிலேயே கம்பத்தைப் பெயர்த்து எடுத்து, நட்டமாகத் தூக்கிக்கொண்டுபோய், எதிரே மோ ஈ டேங் என்ற பாறை விளிம்பில் நட்டார்கள். படத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் இதுவரை பார்த்த சிறுபிள்ளைத்தனங்களிலேயே இதுதான் உருப்படியானது என்று நினைக்கிறேன். யாருக்கும் காயமில்லை, முகமும் காப்பாற்றப்பட்டது, தீர்ப்பும் நிறைவேறியது. மறு வருடம் ஜனவரியில் கம்போடியத் தலைவர் சிஹானூக் தெற்குப் பக்கத்துச் செங்குத்துப் பாறை வழியே ஏறிவந்து கோயிலைப் பொறுப்பேற்றார். தாய்லாந்துக்காரர்கள் விசா இல்லாமலே கோயிலுக்கு வரலாம் என்றும் அறிவித்தார். பெரியமனுஷத்தனம் என்றால் அது.

புல்லும் சாபமும்

அதற்கப்புறம் வந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை.

2003 ஜனவரி. அங்கோர் வாட் தாய்லாந்துக்குச் சொந்தம் என்று தாய்லாந்து டிவி நடிகை ஒருவர் சொன்னதாக ஒரு கம்போடியப் பத்திரிகை எழுதியது. நடிகை அப்படிச் சொல்லவே இல்லை என்றார். சொன்னதற்கு ஆதாரமும் அகப்படவில்லை. ஜூலையில் கம்போடியாவில் தேர்தல். பிரதமர் ஹுன் சென் மேடையேறி, அந்தப் பெண் கோயில் பக்கத்தில் முளைத்த புல்லுக்குக்கூடப் பெறமாட்டாள் என்றார். இரண்டே நாளில், ஜனவரி 29 அன்று, நோம்பென்னில் தாய்லாந்துத் தூதரகத்தை எரித்தார்கள். ஓட்டல்களையும் கம்பெனிகளையும் சூறையாடினார்கள். தாய்லாந்து விமானப்படை தன் மக்களை சி-130 விமானங்களில் ஏற்றிக்கொண்டு வந்தது. நிலைமையை அடக்காவிட்டால் கமாண்டோக்களை அனுப்புவேன் என்று மிரட்டிய தாய்லாந்துப் பிரதமர் யார்? தக்சின் ஷினவத்ரா. இவர்தான் பின்னாளில் ஹுன் சென்னின் ஆருயிர்த் தோழர் ஆகி, 2009 நவம்பரில் கம்போடிய அரசின் பொருளாதார ஆலோசகராக நியமனம் பெற்று, அதனால் இரண்டு நாடும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் நிலை வந்தது. ‘காய்’ விட்டு, ‘பழம்’ விட்டு, மறுபடி ‘காய்’ விடுவதற்கு நடுவே எரிந்த தூதரகத்துக்குக் கம்போடியா இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது.

2008இல் பிரியா விஹாரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் நோப்படோன் பட்டமா இதில் நிதானமாக ஒரு வேலை செய்திருந்தார்: கோயில் மட்டும் பட்டியலில் சேரட்டும், சுற்றியுள்ள 4.6 சதுர கிலோமீட்டர் தகராறு தனியாகவே இருக்கட்டும் என்று ஒரு கூட்டறிக்கை. எதிர்க்கட்சியும் தெருப்போராட்டக்காரர்களும் கோயிலை விற்றுவிட்டான் என்று கிளப்பினார்கள். நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் கையெழுத்திட்டது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஜூலை 10 அன்று அவர் ராஜினாமா. 46 வருடத்துக்கு முன்பே கைவிட்டுப்போன கோயிலை அவர் எப்படி விற்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

அவரை வசைபாடிய கூட்டத்தின் மேடையில் ஹுன் சென்னை ‘நக்லேங்’ என்று சொன்னவர் காசித் பிரோம்யா. தாய் மொழியில் அதற்கு ரவுடி, தாதா என்று பொருள். சில மாதத்தில் காசித்தே வெளியுறவு அமைச்சராகிவிட்டார். இப்போது அந்த ‘நக்லேங்’கோடு போய்ப் பேச வேண்டுமே! அதனால் அந்தச் சொல்லுக்குச் சிங்க நெஞ்சம் கொண்ட தாராள மனத்தவர் என்றும் ஒரு பொருள் உண்டு என்று விளக்கம் கொடுத்தார். அகராதியை வளைத்து அமைச்சர் வேலையைக் காப்பாற்றிக்கொண்ட கதை.

2010 பிப்ரவரியில் ஹுன் சென்னின் முறை. தாய்லாந்து ராணுவம் கம்போடிய மண்ணுக்குள் வந்ததை ஒத்துக்கொள்ளாவிட்டால், தாய்லாந்துப் பிரதமர் அபிசித்தின் கழுத்தை மந்திரப் பொருள்கள் முறிக்கட்டும், கார் மோதட்டும், கரண்ட் அடிக்கட்டும், துப்பாக்கிக் குண்டு பாயட்டும் என்று பொதுமேடையில் சாபம் விட்டார். தெருச்சண்டையில் மண்ணை வாரித் தூற்றுவார்களே, அதேதான். மைக்கும் பாதுகாப்புப் படையும் மட்டும் கூடுதல்.

அதே வருடம் டிசம்பர் 29. தாய்லாந்தின் ஆளுங்கட்சி எம்பி பனிச் விகித்ஸ்ரெத் உட்பட ஏழு பேர், எல்லை எங்கே என்று நேரில் பார்க்கிறோம் என்று கிளம்பி, நடந்து நடந்து கம்போடியாவுக்குள் போய்க் கைதானார்கள். எம்பி நடந்துகொண்டே போனில், நாங்கள் கம்போடிய எல்லைக்குள் வந்துவிட்டோம், பிரதமருக்குத் தெரியும் என்ற மாதிரி பேசியது வீடியோவாகவே ஊரெல்லாம் சுற்றியது. எம்பியும் நான்கு பேரும் நிறுத்திவைத்த தண்டனையோடு ஜனவரியில் ஊர் திரும்பினார்கள். கூடப் போன தேசியவாதப் பிரமுகர் வீரா சோம்குவாம்கித்துக்கு உளவுக் குற்றத்துக்காக 8 வருடம் சிறை; 2014 ஜூலையில்தான் மன்னிப்பு பெற்று வெளியே வந்தார். கல் தெரியாத காட்டில் வேடிக்கை பார்க்கப் போனால் இப்படித்தான். சர்வேயர்கள் அங்கே போகும்போது இரண்டு நாட்டுக் குழுவும் சேர்ந்தே போவது சும்மா இல்லை.

சில வாரங்களில், 2011 பிப்ரவரியில், பீரங்கிகள் வெடிக்க ஆரம்பித்தன. ஏப்ரலில் மறுபடி. ஜூன் மாதம் பாரிஸில் யுனெஸ்கோ கூட்டத்திலிருந்து எழுந்துவந்த தாய்லாந்து அமைச்சர், உலகப் பாரம்பரிய உடன்படிக்கையிலிருந்தே விலகுகிறோம் என்று அறிவித்தார். நான் ஆட்டத்துக்கு வரலை, பேட்டையும் எடுத்துட்டுப் போறேன் என்பது போல. தாய்லாந்தில் ஒரு வாரத்தில் தேர்தல். ஆட்சி மாறியது, விலகலும் அப்படியே அமுங்கியது. 2013 நவம்பர் 11 அன்று ஹேக் நீதிமன்றம், கோயில் நிற்கும் குன்றின் முனை முழுவதும் கம்போடியாவுக்கே என்று விளக்கத் தீர்ப்பு கொடுத்தது. பக்கத்துக் குன்றான நோம் டிராப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

காயும் பழமும்

இனி 2025 ஜூன் மாதத்துக்கு வருவோம். ஜூன் 7 அன்று எல்லை வாயில்களின் கட்டுப்பாட்டைத் தாய்லாந்து ராணுவம் எடுத்துக்கொண்டது. அரண்யபிரதேத்–போய்பெட் வாயில் காலை 6 முதல் இரவு 10 வரை திறந்திருந்தது, காலை 8 முதல் மாலை 4 வரை என்று சுருங்கியது. கரண்டையும் இணையத்தையும் வெட்டு என்று தாய்லாந்தில் சிலர் கூச்சல் போட்டார்கள். நீ என்ன வெட்டுவது, நானே வெட்டிக்கொள்கிறேன் என்று கம்போடியா தாய்லாந்து இணைய இணைப்பையும் மின்சாரத்தையும் வாங்குவதைத் தானே நிறுத்தியது. தாய்லாந்து சீரியல்களும் படங்களும் கூடாது என்றது. வாயில்களை 24 மணி நேரத்தில் திறக்காவிட்டால் பழமும் காய்கறியும் வாங்க மாட்டோம் என்று ஹுன் சென் கெடு வைத்தார். ஜூன் 17 முதல் நிறுத்தியும்விட்டார்கள். காய் விடுவது என்று நாம் சொல்வதை, காயையும் பழத்தையும் நிறுத்தியே செய்துகாட்டிய அரசு உலகத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை. அடுத்த வாரம் பெட்ரோல், டீசல், காஸ்.

இந்தத் தடைகளால் எந்த ஜெனரலும் பட்டினி கிடக்கவில்லை. அழுகும் சரக்கில் ஒரு நாள் தாமதம் என்றாலே நஷ்டம்தான். வாயிலில் நின்ற லாரியின் முட்டைக்கோசும் பழமும் விவசாயியின் பணம். தாய்லாந்தில் கூலிவேலை செய்த கம்போடியர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். திரும்பிய ஊரில் வேலை இல்லை.

ஜூலை 16 அன்று ஒரு கண்ணிவெடி, 23 அன்று இன்னொன்று. தாய்லாந்து வீரர்கள் இருவர் கால் இழந்தனர். புதிதாகப் புதைத்த பிஎம்என்-2 வெடி என்றது தாய்லாந்து. பழைய போர்க்கால வெடியில் தடம்மாறி மிதித்தார்கள் என்றது கம்போடியா. பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே 100 கிராம் அளவு வெடிமருந்து. மிதித்தால் பாதம் போகும். 24 அன்று, சுயம்பு லிங்கம் இருக்கும் அந்த தா முயென் தோம் கோயிலருகே சண்டை தொடங்கியது. பிப்ரவரியில் இதே கோயிலில் கம்போடியப் பெண்கள் தேசியகீதம் பாடி, தாய்லாந்து வீரர்கள் தடுத்து, அது வீடியோவாகி இரண்டு ஊரையும் சூடேற்றியிருந்தது.

கம்போடியாவின் பிஎம்-21 வண்டியில் 40 குழாய். ஒவ்வொரு ராக்கெட்டும் 20 கிலோமீட்டர் வரை பறக்கும். பறக்கும்போது அதைத் திருப்ப முடியாது. ஒரு குறிப்பிட்ட கட்டடத்தை அடிக்கும் ஆயுதமே அது இல்லை, ஒரு வட்டாரத்தைத் தூவி அடிப்பது. அதனால்தான் சிசாகெட் மாகாணத்தில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் நின்ற பொதுமக்கள் செத்தார்கள். தாய்லாந்து எஃப்-16 விமானங்களை அனுப்பியது. ஐந்து நாளில் 40 பேருக்கு மேல் பலி. சுமார் 3 லட்சம் பேர் வீட்டைவிட்டு ஓட்டம். முதல் நாளே பல நாடுகள் சமரசம் செய்ய முன்வந்தன என்றும், முதலில் ஹுன் சென்னுக்குப் பாடம் புகட்டட்டும் என்றும் தக்சின் எழுதினார். மகள் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டு ஆறு வாரம் ஆகவில்லை.

28 அன்று மலேசியாவின் புத்ராஜெயாவில் சண்டை நிறுத்தம். அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் டிரம்ப் முன்னிலையில் கையெழுத்து. நவம்பர் 10 அன்று மறுபடி கண்ணிவெடி. டிசம்பர் 7, 8இல் மறுபடி போர். போருக்கு நடுவிலேயே 12ஆம் தேதி தாய்லாந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்டுத் தேர்தல் வந்தது. 27 அன்றுதான் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஜூலையைவிட இந்தச் சுற்றில் இடம்பெயர்ந்தவர்கள் அதிகம்.

இரண்டு பக்கத்துத் தலைவர்களையும் முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஹுன் சென் கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆண்டவர். போன் பேச்சை வெளியிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். யுனெஸ்கோ கூட்டத்திலிருந்து எழுந்துபோனவருக்கும் தேர்தல் தேதி தெரியும். கோபம் நடிப்பாகத் தொடங்குகிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு அது நடிப்பு என்று தெரியாது. பிறகு இறங்கிவர வழியில்லை. கூட்டு எல்லை ஆணையம், பாதுகாப்பு அமைச்சர்களின் பொது எல்லைக் குழு, தளபதிகளின் பிராந்தியக் குழு என்று இறங்கிவர மூன்று ஏணி இருக்கின்றன. சண்டை முற்றும்போது இவை கூடுவதும் பல சமயம் நின்றுபோகிறது.

சா கேயோ மாகாணத்துப் பான் நோங் சான் என்ற ஊர் 42 முதல் 47 வரையிலான கற்களுக்கு இடையே வருகிறது. கம்போடியாவுக்கு அது பிரேய் சான். எண்பதுகளில் போருக்குத் தப்பிவந்த கம்போடிய அகதிகள் தங்கிய இடம். சிலர் அங்கேயே வீடு கட்டிவிட்டார்கள். ஜூலைப் போருக்குப் பிறகு தாய்லாந்து வீரர்கள் முள்கம்பி விரித்தார்கள், செப்டம்பரில் கண்ணீர்ப்புகையும் ரப்பர் குண்டும் பறந்தன. அக்டோபர் மாதம் தாய்லாந்துச் சமூக ஊடகப் பிரபலம் ஒருவர் பெரிய ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்து, ராத்திரியெல்லாம் பேய் அழுகிற சத்தத்தையும் நாய் ஊளையையும் எதிர்ப்பக்கக் குடிசைகளை நோக்கி அலறவிட்டார். கம்போடிய மனித உரிமைக் குழு ஐநாவுக்குப் புகார் எழுதியது. பேய்ச் சத்தம் போடுவது சர்வதேசச் சட்டப்படி சித்திரவதையா என்று இரண்டு நாட்டு அரசியல்வாதிகளும் பேட்டி கொடுத்தார்கள்.

அதே அக்டோபரில் சந்தபுரியில் கூட்டு எல்லை ஆணையம் கூடி, அதே 42 முதல் 47 வரையிலான துண்டில் தற்காலிகக் குறிக்கற்கள் நடுவதற்கு ஒப்புக்கொண்டது. எந்த வீடு எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்பதற்காக.